சிவப்புத் துணியை அவிழ்த்த மகனுக்கு

அன்புள்ள மகனே,

அன்புள்ள என்று போடலாமா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா பகோடாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "போட்டுத் தொலைய்யா. போடலன்னா மட்டும் வேற வூட்டுப் புள்ளயா ஆயிடுவானா?" என்றாள். அதனால் போட்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ "நைனா, மீட்டிங்ல கீறேன், அப்பறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அப்புறம் கூப்பிடுவதும் இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. நீ வந்து பேசிவிட்டுப் போனாயே, அந்த ப்ளஸ் டூ வகுப்பில் இதன் நகலை மாட்டி வைக்க விலங்கியல் மிஸ் ஒத்துக்கொண்டிருக்கிறார். உன் பேரும் என் பேரும் இதில் இருக்காது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றி வருகிற இடங்களை அந்த நகலில் எடுத்துவிடுவேன், அது நம் வீட்டு விஷயம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் கடைக்குப் போர்டு வைத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்போது வியாசர்பாடியில் இந்தக் கறி விற்கிற பாதிக் கடைகளுக்குப் போர்டே கிடையாது. தெரிந்தவன் வருவான், வாங்குவான், கருப்பு கவரில் சுருட்டிக்கொண்டு போவான். சில பேர் வாய் திறந்து பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். "அண்ணே, அதுல ஒரு அரை கிலோ" என்பார்கள். என்னமோ கஞ்சா கேட்கிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்காது. கொட்டை எழுத்தில் மாட்டுக்கறிக் கடை என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர் கூட, "வெறும் கறிக்கடைன்னு போட்டா போதாதா தலைவரே, எதுக்கு வம்பு?" என்று கேட்டான். ஆட்டுக்கறி என்று நினைத்து ஒருத்தர் உள்ளே வந்து ஏமாந்துவிட்டால், அப்புறம் அவர் முகத்தைப் பார்ப்பது நீயா நானா என்று கேட்டேன். நீ அப்போது சின்னப் பையன். பெயிண்டர் ஒரு புள்ளியை விட்டுவிட்டான் என்று நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். அன்றைக்கு முழுக்க எதிரே நின்று அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் அந்த ஓட்டல்காரர் வந்தார். வண்ணாரப்பேட்டைப் பக்கம் பெரிய ஓட்டல், துணி வாங்க வருகிற கூட்டமெல்லாம் அங்கேதான் சாப்பிடும். தினமும் நம்மிடமே எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார், மட்டன் குழம்பில் கொஞ்சமாகக் கலக்கத்தான், மசாலாவில் யாருக்குத் தெரியப்போகிறது என்று. குடித்த டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்க விடாமல் அந்த ஆளைத் துரத்தினேனே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? "உங்கிட்ட துன்றவன் நம்பித்தானய்யா துன்றான், அவன் வாயில இன்னா போவுதுன்னு அவனுக்குத் தெரிய வாணாவா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். மறுநாள் நீ ஸ்கூலில் போய் அதை அப்படியே நடித்துக் காட்டினாய் என்று உன் கூட்டாளிகள் சொன்னார்கள். எங்க நைனா பொய் சொல்லி விக்க மாட்டார் என்று சொன்னாயாம். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

நீ இறைச்சித் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்று வந்து நின்றபோது ஏரியாவில் எல்லாரும் சிரித்தார்கள். "கறி வெட்டறதுக்கு காலேஜா மாமு?" என்று என்னைக் கலாய்க்காத ஆள் கிடையாது. எனக்குமே அப்போது ஒன்றும் புரியவில்லை. நீ எண்ணூர் ரோட்டில் அந்தக் குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயே, அப்போதுதான் புரிந்தது. வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, காலுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டு என்னையும் ஒரு டாக்டர் மாதிரி ஆக்கிவிட்டாய். மாட்டைப் பார்த்து, நோய் இல்லை என்று சொல்ல ஒரு டாக்டர். கறியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு லேப். குளிர் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு இன்ஜினியர். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னருக்குப் பேப்பர் தயார் பண்ண ஒரு ஆபீஸ், அதில் முழுக்கப் பெண்பிள்ளைகள். தோலுக்கு, எலும்புக்கு, கொழுப்புக்கு என்று தனித்தனியாகப் படித்தவர்கள். நான் ஒவ்வொருத்தரிடமும் ஊர் எது என்று கேட்டேன். எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். நம் ஏரியாப் பிள்ளை நீ ஒருத்தன்தான். கீழே லோடு ஏற்றுகிற இடத்தில் மட்டும் நமக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வயிறு எரிந்தது. இந்தத் தொழிலில் நாற்றத்தையும் கேலியையும் காலம் காலமாகச் சுமப்பது நாம். வீடு வாடகைக்குக் கேட்டால் தொழில் என்ன என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதே தொழிலில் நாற்காலி போட்டு உட்காருகிற வேலை வந்திருக்கிறது, அதற்கு நம் பிள்ளைகள் போவதில்லை. ஏன் போவதில்லை என்றால், அப்படி ஒரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் வெட்கம். மாட்டுக்கறி என்றால் கத்தி, கட்டை, ரத்தம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது போய் நம் ஏரியா ஸ்கூலில் சொன்னால் என்ன என்று தோன்றியது. யாராவது என்ன, என் மகன்தான் இருக்கிறானே என்று தோன்றியது.

விலங்கியல் மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். மேற்படிப்புக்கு வழிகாட்டுகிற கூட்டம் நடத்துகிறவர் அவர்தான். இன்ஜினியர், நர்ஸ், போலீஸ் என்று வந்து பேசுகிறார்களே, இதையும் ஒருத்தன் வந்து பேசட்டும் என்றேன். அவர் மாட்டுக்கறி சாப்பிடாதவர். ஆனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்ல விஷயம்ணே, என் கிளாஸ்லயே நாலைஞ்சு பேருக்குச் சரியா இருக்கும்" என்றார். நிவேதாவை எனக்குக் காட்டியது அவர்தான். அப்பா மணலியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், இந்தப் பெண் தவளை, மீன் என்று எதை அறுக்கக் கொடுத்தாலும் பயப்படாமல் அறுக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், ஆனால் அப்பா அம்மா துணிக்கடையில் வேலைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்றார். நான் அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் பேசினேன். என் மகனைப் பாருங்கள், இதே தெருவில் வளர்ந்தவன், இன்றைக்கு ஆபீஸர் என்றேன். நிவேதா கூட்டத்துக்கு முன்பே இந்தப் படிப்புக்குப் பேர் கொடுத்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் பேர் கொடுத்தார்கள். உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தேன் என்று நீ கோபப்பட்டாய். சரி, அது என் அவசரம்தான். ஆனால் கடைசியில் வருகிறேன் என்று நீதானே சொன்னாய்?

கூட்டத்தன்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு நம் வீட்டிலிருந்து. ஒரு அண்டா சிக்கன் பிரியாணி, ஒரு அண்டா பீஃப் பிரியாணி. சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள் பாதி, சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் பாதி, அதனால் தனியாக இருக்கட்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். "தனியா என்ன மிஸ், துணி கட்டிக் குடுத்துடறேன்" என்றேன். அந்தப் பேச்சு அவருக்குப் புரிந்தது, இந்த ஏரியாவில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, பீஃப் இருக்கிற அண்டாவின் காதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம். கரண்டியும் தனி. விருந்துக்கு எல்லா வகை ஆட்களும் வருவார்கள். ஒவ்வொருத்தரும் இது என்ன கறி என்று கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை, நாமும் சொல்லிச் சங்கடப்பட வேண்டியதில்லை. துணியைப் பார்த்தால் போதும். வேண்டும் என்பவர் வருவார், வேண்டாம் என்பவர் அடுத்த அண்டாவுக்குப் போவார். இதில் இதுவரை எங்கள் தெருவில் யாரும் விளையாடியதில்லை. அன்றைக்குக் காலையில் அந்தத் துணியை நான்தான் கட்டினேன், ரெண்டு முடிச்சுப் போட்டு. ஆட்டோவில் அண்டாவை ஏற்றிவிட்டது நீ.

நீ பேச ஆரம்பித்ததும் நான் ஹாலின் கடைசியில், வாசல் ஓரமாக நின்றுகொண்டேன். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தேன். முன்வரிசையில் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டி வருவாய் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. நல்ல பெண், என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னாள். நீ நன்றாகத்தான் பேசினாய். ஃபுட் இண்டஸ்ட்ரி என்றாய், புரோட்டீன் என்றாய், எக்ஸ்போர்ட், குவாலிட்டி என்றாய். நான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். இப்போது சொல்வான், அடுத்துச் சொல்வான் என்று நின்றுகொண்டே இருந்தேன். மாடு என்ற சொல் உன் வாயில் வரவே இல்லை. எருமை என்றும் சொல்லவில்லை, பீஃப் என்றும் சொல்லவில்லை. கடைசியில் நிவேதாதான் எழுந்து கேட்டாள், "அண்ணா, இது பீஃப் கம்பெனி வேலைதானே?" என்று. பிள்ளைகள் சிரித்தார்கள். நீ அவளைப் பார்க்காமல் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "ஆல் டைப்ஸ் ஆஃப் மீட்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். சரி, மேடைக் கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வது பழகிப்போன விஷயம்.

அதற்குள் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதால் நான் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஹாலே அமைதியாக இருந்தது. ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வரச் சொன்னார்கள். உள்ளே மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணி பாட்டில், கையில் கைக்குட்டை. நீ ஒரு ஓரமாக நின்றிருந்தாய், அந்தப் பெண் வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். மிஸ் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். "அண்ணே, துணி இருக்கான்னு பார்த்தேன். ரெண்டு அண்டாவிலயும் இல்ல. உங்க பையனைக் கேட்டேன். பீஃப் கொண்டு வரல மிஸ், ஒண்ணு சிக்கன், ஒண்ணு மட்டன்னு சொன்னாரு. நம்பித்தான் சாப்பிட்டேன். பாதி சாப்பிட்ட பிறகு, ருசி தெரிஞ்ச நிவேதா வந்து, மிஸ் நீங்களும் பீஃப் சாப்பிடுவீங்களான்னு கேட்கிறா" என்றார். அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது, வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்திருக்கிறார். அவரைப் போலவே சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் சிலரும் மட்டன் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

நான் கட்டினேனே என்று வாய் திறந்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நைனா மறந்திருப்பாரு மிஸ். காலைல அவசரத்துல கட்டியிருக்க மாட்டாரு. எங்கிட்ட மட்டன்னுதான் சொல்லி அனுப்பிச்சாரு" என்றாய். தடுமாறக்கூட இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அந்த இடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நம் கடை ஆட்டுக்கறிக் கடை என்று சொல்லி வைத்திருக்கிறாய். துணியைப் பார்த்தால் என்ன இது என்று கேட்பாள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஆட்டோவிலேயே அவிழ்த்துவிட்டாய். அவளுக்கு மட்டும் கவனமாகச் சிக்கன் அண்டாவிலிருந்து போட்டிருக்கிறாய். மற்றவர்கள் என்ன சாப்பிட்டால் உனக்கென்ன? நான் ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டது, உன் அம்மா புடவை எடுத்து வைத்துவிட்டாள். என் வாய் தானாக, "ஆமா மிஸ், மறந்துட்டேன் போல, மன்னிச்சுக்குங்க" என்று சொன்னது. கட்டாத பாவத்தை நான் ஒத்துக்கொண்டேன். நீ மூச்சு விட்டாய். அந்த மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது, நீ மாத்தூரில் உன் ஃபிளாட்டுக்குப் போய்விட்டாய். வழிகாட்டிக் கூட்டத்தில் இனி இந்தப் படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். பேர் கொடுத்த பிள்ளைகள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நிவேதாவின் அம்மா கடை வாசலில் நின்று, "துன்றதுலயே ஏமாத்தறவன் பேச்சக் கேட்டு எம் பொண்ண அனுப்ப சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்தவன், தினமும் வருகிறவன், சிரித்துக்கொண்டே, "இன்னா மாமு, துணி கட்ட மறந்துட்டியாமே, எங்களுக்கு இன்னாத்த போட்டுகினு கீறியோ?" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டேன். உன் அம்மாவின் பீஃப் பகோடா வண்டியிலும் அதே கதை. "யக்கா, இது நெசமாவே பீஃப்தானா?" என்று பசங்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கு அவள் வண்டியைச் சீக்கிரமே கட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அப்போதும் நான் உன்னைக் கூப்பிட்டேன். வந்து மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ, நான் உன்னைத் திட்டக்கூட மாட்டேன் என்றேன். நீ என்ன சொன்னாய்? "சின்ன மேட்டர் நைனா. ஒரு துணி. அவங்க இன்னேரம் மறந்திருப்பாங்க. கல்யாணம் முடியட்டும்" என்றாய். அதோடு விட்டாயா? பத்திரிகையில் என் தொழிலைப் போட வேண்டாம் என்றாய். முதல் நாள் விருந்தில் ஒரே அண்டா போதும், துணி கட்டினது வேண்டாம் என்றாய். கடை ஆட்களைக் கூப்பிட்டால் நாற்றம் வரும், அவர்களுக்குத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் தேரைக் காட்டினவர்கள் அவர்கள். நீ காலேஜ் போன முதல் நாள் அந்தக் கறிக்கறைச் சட்டையோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்து கையாட்டினவர்கள். நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவோ பேர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள், எதுவும் எனக்கு உறைத்ததில்லை. உன் வாயில் நாற்றம் என்ற சொல்லைக் கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. இது துரோகம்டா. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. வேறு நல்ல சொல்லாகத் தேடவும் எனக்கு விருப்பமில்லை.

ஒன்று சொல்கிறேன் கேள். அந்தப் பெண் மாட்டுக்கறி சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீயே கூட நாளைக்கு நிறுத்திவிட்டால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். யார் எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் இஷ்டம், அந்த இஷ்டத்துக்குத்தானே அந்தத் துணியே. சாப்பிடாத ஒரு பெண்மணியின் வாயில் பொய் சொல்லி ஊட்டிவிட்டாய். நாளைக்கு நம்மைப் பிடிக்காத ஒருத்தன் இதை எடுத்துக்கொண்டு, பாருங்கள் இவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று கத்தினால், நாம் எந்த முகத்தோடு பதில் சொல்வது? இந்தக் கறியை விற்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் நீ பொய் சொன்னாய். அந்தப் பெண்ணிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வாயிலிருந்து வர வேண்டியது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பு சொல்லிவிடு. கட்டிக்கொண்ட பிறகு தெரிந்தால் அவளும் என்னைப் போலத்தான் உட்கார்ந்து கடிதம் எழுதுவாள்.

நேற்று உன் அம்மாதான் ஆரம்பித்தாள். இத்தனை நாளும் "வுட்டுடுய்யா, கல்யாணம் ஆவப் போற புள்ள" என்று என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள், காலையில் என் சட்டையை எடுத்துக் கொடுத்து, "போ, போய் உள்ளத சொல்லிட்டு வா. இந்தப் பேரோட என்னால வண்டி போட முடியாது" என்றாள். போனேன். மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி கட்டினது நான், அவிழ்த்தது என் மகன், மறந்துவிட்டேன் என்று நான் சொன்னதும் பொய் என்றேன். அவர் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். அப்புறம், "அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தோணுச்சுண்ணே" என்றார். "ஆனா இதை எங்கிட்ட மட்டும் சொன்னா போதாது. வாங்க" என்று வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று, என் மகன் பொய் சொன்னான் என்று சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். ஆமாம், காட்டிக்கொடுத்துவிட்டேன்.

தொழிலைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நாற்காலி வேலை இருக்கிறது, லேப் இருக்கிறது, கப்பலில் போகிறது, படியுங்கள் என்றேன். உன் கிடங்கில் நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் போட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, திருப்பி வாங்கின பேரை மறுபடி கொடுக்கலாம் என்று மிஸ் சொன்னார். ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. கடைசியாக நிவேதா எழுந்தாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "மாமா, அந்த வேலை அவ்ளோ நல்ல வேலைன்னா, அந்த அண்ணா ஏன் அதோட பேர சொல்லக்கூட பயந்தாரு?" என்றாள்.

நான் என்ன சொல்வது? கறி வெட்டுகிறவன் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்லியாகிவிட்டது. அந்தப் படிப்பைப் படித்து, அந்த வேலையில் இருப்பவன் நீ. இந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் மிஸ்ஸின் வகுப்பு இருக்கிறது. அதுவரை யார் பேரையும் எழுதாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீ வந்தால் நானும் வருவேன், வாசல் ஓரமாகவே நின்றுகொள்கிறேன்.

நான் கிளம்பும்போது நிவேதா வராண்டா வரைக்கும் கூடவே வந்தாள். "அண்ணா திங்கக்கெழம வருவாரா மாமா?" என்று கேட்டாள்.

தெரியாதும்மா என்றேன். உன்னைப் பற்றி ஒருத்தர் கேட்டு, தெரியாது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

இப்படிக்கு,
உன் நைனா